இலையுதிர்காலத்துக்கென ஒரு பாடம் வையுங்கள்: ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கோடையில் உங்களிடம் கற்று உரிமம் வாங்கியவர், இரண்டு மூன்று மாதங்களில் இலையுதிர்காலச் சாலையில் தனியாக இறங்குகிறார். அவருக்குப் பழகியதெல்லாம் காய்ந்த தார்ச்சாலையும் நீண்ட பகலும்தான். இரண்டும் இப்போது இல்லை. ஆனால் சாலை பார்ப்பதற்கு அப்படியே இருப்பதால், அவர் கோடைக்கால வேகத்திலேயே போகிறார். கடும் பனிக்காலத்தைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அதற்கு முந்தைய இந்தப் பருவம் பாடத்தில் இடம்பெறுவது அரிது. நீங்கள் அதைத் தனிப் பாடமாக நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சருகிலிருந்து தொடங்குங்கள். காய்ந்தது காற்றில் பறந்துவிடும், நனைந்ததுதான் ஆபத்து. வண்டிகள் ஏறி ஏறி அது கூழாகித் தாரோடு ஒட்டிக்கொள்கிறது, டயரின் பள்ளங்களையும் அடைக்கிறது. ரப்பர் தாரைத் தொடுவதே இல்லை, பிறகு பிடிமானம் எங்கிருந்து வரும்? மழை விட்டு மற்ற இடங்கள் காய்ந்த பின்னும் மர நிழலில் ஈரம் நிற்கும். ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைக்கப் பழக்குங்கள். வளைவுக்குள் திடீர் பிரேக், திடீர் ஸ்டியரிங், திடீர் ஆக்சிலரேட்டர் மூன்றும் கூடாது. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நாம் தாண்டும்வரை காய்ந்த சாலையில் 2 நொடி இடைவெளி போதும். ஈரத்தில் குறைந்தது 4 நொடி.

ஏ.பி.எஸ். என்ற பிரேக் அமைப்பைப் பற்றியும் தெளிவாகச் சொல்லுங்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்து, ஸ்டியரிங்கை நம் கையில் வைத்திருக்கும். சாலையில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. அது வேலை செய்யும்போது பெடல் அதிரும். முதன்முறை அதை உணர்பவர் வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்து காலை எடுத்துவிடுவார். எடுக்கக் கூடாது, அழுத்தியபடியே இருக்க வேண்டும். காலியான ஈர மைதானத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு முறை அந்த அதிர்வைக் காட்டிவிட்டால், அவர் பிறகு பயப்பட மாட்டார்.

சருகு வடிகாலை அடைத்தால் சாலையோரம் தண்ணீர் தேங்கும். அதில் வேகமாகப் போனால் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கி, ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். டயரின் பள்ளம் 1.6 மி.மீ. இருந்தால் போதும் என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. நாங்கள் 3 மி.மீ.க்குக் கீழே போனாலே மாற்றச் சொல்வோம், ஏனென்றால் அதற்குமேல் தேய்ந்தால் நீரை வெளியேற்றும் திறன் வேகமாகக் குறைகிறது. காய்ந்த சருகுக் குவியல் மேல் வண்டியை நிறுத்தவும் வேண்டாம். அடியில் சூடாக இருக்கும் புகைக்குழாய்ப் பகுதி அதைப் பற்றவைத்துவிடலாம்.

அடுத்தது விளக்கு. இதில்தான் அறியாமை அதிகம் என்பது எங்கள் கருத்து. பல கார்களில் பகல்நேர விளக்கு முன்பக்கம் மட்டுமே எரியும், பின்விளக்கு எரியாது. விளக்குச் சுவிட்சைத் தானாக எரியும் ‘ஆட்டோ’ நிலையில் வைத்தாலும், சென்சார் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. வெளுத்த மூடுபனி அதற்குப் பகலாகவே தெரியும். ஓட்டுநர் விளக்கு எரிகிறது என்றே நம்பியிருப்பார், பின்னால் வருபவருக்கோ வண்டியே தெரியாது. மூடுபனியில் லோ பீமைக் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஹை பீம் பனித்துளிகளில் பட்டுக் கண்ணையே மறைக்கும். பார்வை 100 மீட்டருக்குக் கீழே போனால் பின்புற மூடுபனி விளக்கும் வேண்டும். பனி விலகியதும் அணைத்துவிட வேண்டும்.

காலையும் மாலையும் சூரியன் தாழ்ந்து நேரே கண்ணில் அடிக்கும். சம இரவு நாளையொட்டிக் கிழக்கு மேற்காகச் செல்லும் சாலைகளில் இது மிக மோசம். முன் கண்ணாடியின் உட்புறம் படியும் மெல்லிய அழுக்குப் படலம் கூச்சத்தை இரட்டிப்பாக்கும், ஆனால் பலர் வெளிப்புறத்தை மட்டுமே துடைக்கிறார்கள். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எதிரே வருபவருக்கு நம்மைத் தெரியாது. அப்போதும் விளக்கு வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏ.சி.யையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும்.

பல இடங்களில் மான்களின் இணைசேரும் பருவமும் இதுதான். விடியலிலும் அந்தியிலும் அவை சாலைக்கு வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். திடீரென்று குறுக்கே வந்தால் நேர்கோட்டில் பிரேக் அடிப்பதே சரி. மானைத் தவிர்க்க ஸ்டியரிங்கை வெட்டி மரத்தில் மோதினால் விளைவு இன்னும் மோசமாகலாம்.

வெப்பம் ஏறத்தாழ 5.5 டிகிரி செல்சியஸ் குறையும்போது டயர் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும். கோடையில் சரியாக நிரப்பிய டயர் இப்போது குறைவாகத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை, ஓட்டுவதற்கு முன் அளக்கச் சொல்லுங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். டேஷ்போர்டு 3 டிகிரி காட்டினாலும் தரை உறைந்திருக்கக்கூடும். பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று வீசுவதால் முதலில் உறைவது அவைதான்.

கோடையில் உரிமம் பெற்றவர்களை இலை உதிரத் தொடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குத் திரும்ப அழையுங்கள். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், வெளிச்சம் மங்குவதற்கு அரை மணி முன்பு தொடங்கி, இருட்டிய பின்னும் அவர்களை ஓட்ட வையுங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பராமரிப்பிலும் ஓட்டுநர் பயிற்சியிலும் பணியாற்றுவோர்