கயிற்றைப் பிடிப்பது யார்?

ஆசிரியருக்கு, வடசென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சுதந்திர தினம் களைகட்டியது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் கொடியேற்றியவர் சங்கத் தலைவர், இல்லாவிட்டால் செயலாளர். கொடிக்கயிறு என்ன, பதவியோடு சேர்ந்த சொத்தா? புனித ஜார்ஜ் கோட்டையிலேயே ஆளுநருக்குப் பதிலாக முதல்வர் சுதந்திர தினக் கொடியேற்றும் வழக்கம், முதல்வராக இருந்த கருணாநிதி வலியுறுத்திக் கேட்ட பிறகு 1974இல்தான் வந்தது. ஆகவே, யார் ஏற்றுகிறார் என்பது அற்பமான கேள்வி அன்று.

பெரம்பூரில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பில் சென்ற ஆண்டு செயலாளர் ஊரில் இல்லை. மாடிப்படி பெருக்கும் அம்மாவை ஏற்றச் சொன்னோம். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். முடிச்சு அவிழவில்லை; காவலாளி ஓடிவந்து உதவினார். வழக்கமாக மிட்டாயை வாங்கிக்கொண்டு நழுவிவிடும் வாடகைதாரர்கள் (நானும் அந்த ரகம்தான்) அன்று பத்து மணி வரை வாசலில் பேசிக்கொண்டு நின்றோம். மேல்வீட்டில் இருப்பது தெலுங்குக் குடும்பம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வருகிற ஜனவரி 26 முதல், வாடகைதாரர், காவலாளி, தூய்மைப் பணியாளர் உட்பட எல்லோர் பெயரையும் சீட்டெழுதிக் குலுக்கிக் கொடியேற்றுபவரைத் தேர்ந்தெடுக்கலாம். சீட்டை எடுக்கும் பொறுப்பை வேண்டுமானால் செயலாளருக்கே கொடுத்துவிடலாம்.

- ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை