சேகருக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை
14 மே 2025

அன்புள்ள சேகர்,

பதில் போடவில்லை என்று திட்டாதே. அம்மாவின் கண் ஆபரேஷனில் ஒரு மாதம் ஓடிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார், உன்னை விசாரித்தார். கோபால் அப்படியேதான் இருக்கிறான். உன் சைக்கிளைப் பற்றி இன்னமும் மூச்சு விடுவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாகிஸ்தானோடு சண்டை வந்தால் ஜனங்கள் என்ன செய்யவேண்டும் என்று மத்திய உள்துறை ஒத்திகை அறிவித்ததுமே இங்கே பேச்சு கிளம்பிவிட்டது. நம்ம ராணுவம் இன்றைக்கு ராத்திரி அடிக்கும், நாளைக்கு அடிக்கும் என்று போனில் வந்துகொண்டே இருந்தது. டீக்கடையில் ஒருத்தரும் நம்பவில்லை. "அடிக்கிறவன் சொல்லிட்டா அடிப்பான்?" என்று மாஸ்டர் கேட்க, கடையே சிரித்தது. காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கருவாட்டுக்கார அக்கா மட்டும், "சண்டை வந்தா ஜூன் 14-க்கு அப்புறமும் கடலுக்கு விடமாட்டாங்களா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

7-ஆம் தேதி விடிந்தால், பாகிஸ்தானிலும் எல்லைக்கு அந்தப்பக்கக் காஷ்மீரிலும் 9 இடங்களில் அடித்தாகிவிட்டது என்று செய்தி. நம்ம துறைமுகத்தில் ஒத்திகை நடந்ததே அன்று சாயங்காலம்தான். அதுவரை எதையும் நம்பாதவர்கள் அதன்பிறகு எதையும் நம்பினார்கள். மறுநாள் ராத்திரி கராச்சித் துறைமுகத்தையே நம் கடற்படை அழித்துவிட்டதாகச் சில டிவி சேனல்கள் சொல்ல, அதே கடையில் கைதட்டல். அது சுத்தப் பொய். 10-ஆம் தேதி சண்டை நிறுத்தம் என்று நிஜச் செய்தி வந்தபோது, புரளி என்றார்கள்!

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்ததே, பெரியகுப்பம் ஜனங்கள் மூச்சுத் திணறிய பிறகுதானே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? அவர்களிடம் போய், சைரன் ஊதும், நம்புங்கள் என்றால் எப்படி நம்புவார்கள்?

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, சேகர். 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானதை உன் தாத்தா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலியைக்கூடச் சுட்டுவிட்டார்கள். அந்த வருஷம் இங்கே குண்டு விழவில்லை. போனவர்கள் திரும்பி வந்து பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. சேதம் அதிகமில்லை, அது அதிர்ஷ்டம். 1914-ல் ஜெர்மன்காரனின் எம்டன் போர்க்கப்பல் குறிபார்த்ததும் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைத்தான். இன்றைக்கு மணலியில் சுத்திகரிப்பு ஆலை, தண்டையார்பேட்டையில் எண்ணெய் டேங்குகள், நடுவில் நம்ம வீடுகள். நாளைக்கு நிஜமாகவே எச்சரிக்கை வந்தால் இந்தத் தெருவில் எத்தனை பேர் எழுந்து வெளியே வருவார்கள்? வந்தாலும் எங்கே போவது?

அதனால் ஒரு மனு கொடுக்கப்போகிறேன். எங்கள் வார்டுக்குச் சைரன் எங்கே இருக்கிறது, ஊதினால் வயசானவர்களை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது, தகவல் சொல்லவேண்டிய அதிகாரி யார் என்று மூன்றே கேள்வி. தெருவில் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. எழுதிக் கொடுப்பது நீதான். சும்மாவா உனக்குப் பெட்டிஷன் சேகர் என்று பெயர் வைத்தோம்? இந்த வாரமே அனுப்பு.

அன்புடன்,
முருகன்