டிரம்ஸ் இல்லாத ராக்

அன்புள்ள செல்வம்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். மனசு லேசானது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது, அதனால் ராத்திரியில் பாட்டெல்லாம் ஹெட்போனில்தான்.

ஒரு மாசமாக அதில் ஓடுவது ஆர்ட் ஸாய்ட் என்ற பிரெஞ்சு ராக் குழு. மாக்மா என்ற இன்னொரு பிரெஞ்சு ராக் குழுவை நம் கூட்டத்தில் பலரும் கேட்டிருப்பார்கள். 1976இல் அந்த மாக்மாவின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்தவர்கள் இவர்கள், ஆனால் இவர்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

நீ டிரம்ஸ் வாசிக்கிறவன், அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். 1976இல் வந்த இவர்களுடைய முதல் முழுநீள இசைத்தட்டில் டிரம்ஸே கிடையாது! ழெரார் ஊர்பெத் வயலினும் வியோலாவும், தியரி ஸாபோய்ட்செஃப் பேஸ் கிட்டாரும் செல்லோவும், அப்புறம் ஒரு கிட்டார், ஒரு டிரம்பெட். அவ்வளவுதான். தாளம் முழுக்க பேஸ் தந்தியில் இருக்கிறது. அதே சில சுரங்களைத் திரும்பத் திரும்ப அடிக்க, மேலே வயலின் வில் இழுபடாமல் வெட்டுகிறது. ஒரு இடத்தில் என் கை தானாக மேஜையில் தட்ட ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில் தாளம் தப்பிவிட்டேன். எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் அங்கேதான் தப்புகிறது.

இவர்கள் வட பிரான்ஸில் பெல்ஜிய எல்லையை ஒட்டிய வாலன்சியன் பக்கத்துக்காரர்கள். நிலக்கரியும் எஃகும் சோறு போட்ட பூமி, எழுபதுகளின் கடைசியில் அங்கே ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. 1980இல் வந்த இசைத்தட்டுக்கு 'எதிர்காலம் இல்லாத தலைமுறை' என்று பெயர். அந்த இசையின் இறுக்கம் அந்த மண்ணிலிருந்து வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. பெரிய இசை நிறுவனங்கள் சீண்டாத குழுக்கள் 1978இல் லண்டனில் கூடித் தொடங்கிய 'ராக் இன் அப்போசிஷன்' இயக்கத்திலும் பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஜெர்மன் இயக்குநர் மூர்னாவின் 1922 ஊமைப் பேய்ப்படம் 'நோஸ்பெராட்டு'வுக்கு இசையமைத்து, படம் ஓடும்போதே திரைக்கு முன்னால் வாசித்திருக்கிறார்கள். நிழல் மாடிப்படி ஏறும் காட்சி நினைவிருக்கிறதா? அதை இவர்கள் வாசிக்க நேரில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஊர்பெத் 2018இல் காலமாகிவிட்டார்.

முதல் இசைத்தட்டைப் பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன். ராத்திரி தனியாக உட்கார்ந்து கேள். அந்த மூன்றாவது சுற்றில் எத்தனை எண்ணிக்கை என்று எண்ணி எழுது.

அன்புடன்,
மூர்த்தி