ராகாட்ஸிலிருந்து அம்மாவுக்கு

பாட் ராகாட்ஸ், சுவிட்சர்லாந்து
பங்குனி மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

தைப்பொங்கல் முடிந்த கையோடு நீங்கள் எழுதிய கடிதம் மாசி நடுவில் வந்து சேர்ந்தது. தொலைபேசியில் நான் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழுவதில்லை என்றும், மீதிப் பாதியைத் தங்கச்சி தன் விருப்பத்துக்கு மாற்றிச் சொல்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆகவே முக்கியமானவற்றை இனிமேல் கடிதத்திலேயே எழுதுவேன். பதில் எழுதச் சுணங்கியதற்கு வேலைதான் காரணம். சுகவீனம் ஒன்றும் இல்லை. மாவிட்டபுரத்து மாமியிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் கந்தசுவாமியாருக்கு என் பெயரில் இன்னொரு நேர்த்தி வைத்துவிடுவார்.

நான் இப்போது வேலை செய்யும் ஊரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறதாமே, வெள்ளைக்காரர் முழங்கால் வலிக்கு அதில் முழுகித்தான் சுகப்படுகிறார்களாமே, அது நம் கடலோரத்துக் கீரிமலைக் கேணியை விடப் பெரிதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் முழங்காலை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே எனக்குத் தெரிந்த வரையில் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ராகாட்ஸ் என்பது ரைன் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள சிற்றூர். இருபுறமும் மலைகள், பங்குனி பிறந்தும் உச்சியில் பனி கரையவில்லை. ஊற்று இருப்பது ஊருக்குள் அன்று. தமினா என்ற சிற்றாறு மலையைப் பிளந்துகொண்டு வரும் இடுக்கின் உள்ளே, நடந்து போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் தொலைவில் இருக்கிறது. 1240ஆம் ஆண்டளவில் ஃபேஃபர்ஸ் என்ற கிறிஸ்தவ மடத்தைச் சேர்ந்த வேட்டைக்காரர்கள் அந்த இடுக்கிலிருந்து ஆவி எழுவதைக் கண்டார்கள் என்று சொல்வார்கள். அக்காலத்தில் உள்ளே போக வழி கிடையாது. நோயாளிகளைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்குவார்களாம். இறங்குவதும் ஏறுவதும் பெரும்பாடு என்பதால், இறங்கியவர்கள் நாட்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடந்து, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கியிருக்கிறார்கள். 1535இல் பாராசெல்சஸ் என்ற பேர்போன வைத்தியர் இங்கே வந்து இந்தத் தண்ணீரின் குணங்களைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். பின்னர் மடத்தார் இடுக்கின் வாயிலில் ஒரு பெரிய குளிப்பு மண்டபம் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. 1840இல்தான் குழாய் போட்டுத் தண்ணீரைக் கீழே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு 1869இல் முதல் பெருவிடுதி எழும்பியது, அரச குடும்பத்தார் வரத் தொடங்கினார்கள், ஊரின் தலையெழுத்தே மாறிவிட்டது.

போன கோடையில் என்னோடு வேலை செய்யும் செக் நாட்டுக்காரரும் நானும் அந்த இடுக்குக்குள் போய்ப் பார்த்தோம். பாறைச் சுவர்கள் மேலே ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்குகின்றன. நண்பகலிலும் உள்ளே வெளிச்சம் குறைவு. கடைசியில் பாறையைக் குடைந்த ஒரு வழியால் போனால் ஊற்றுக்கண்ணைக் காணலாம். வெளியே ஆற்று நீர் எலும்பைக் குத்தும் குளிர், உள்ளே நின்றால் வியர்க்கிறது. தண்ணீரின் சூடு 36.5 பாகை. நம்முடைய உடம்புச் சூட்டை ஒட்டியது என்பதால் கையை வைத்தால் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. மணமும் இல்லை, சுவையும் இல்லை. திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழும் ஏழு விதமாகச் சுடும் என்று அப்பா சொல்லித் தந்ததை நினைத்துக்கொண்டு போன எனக்கு முதலில் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெந்நீருக்குள் இறங்கினால் உடம்பின் பாரம் குறைகிறது, மூட்டுகள் சுமக்க வேண்டியது குறைகிறது, இறுகிய தசைகள் சூட்டினால் இளகுகின்றன. ஆகவே தரையில் நான்கு அடி நடக்க முடியாதவர்கள் தண்ணீருக்குள் நடக்கிறார்கள். இதை நான் தினமும் கண்ணால் காண்கிறேன். மேலே வாலென்ஸ் என்ற ஊரில் மறுவாழ்வு மருத்துவமனை ஒன்று உண்டு. அங்கும் நோயாளிகளைத் தண்ணீருக்குள் நடக்க வைத்துப் பழக்குகிறார்கள். ஆனால் தேய்ந்த முழங்காலை எந்தத் தண்ணீரும் திரும்ப வளர்க்காது, அம்மா. வருடந்தோறும் வந்து போகும் பணக்கார முதியவர்கள் அடுத்த வருடமும் அதே ஊன்றுகோலுடன்தான் வருகிறார்கள். அவர்களுக்குச் சுகம் தருவதில் பாதி தண்ணீர், பாதி வேலை வெட்டி இல்லாமல் இரண்டு கிழமை ஓய்ந்திருப்பது என்பது என்னுடைய எண்ணம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிழமைக்கு ஒரு நாள், கூட்டம் இல்லாத காலை வேளையில், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கீரிமலைப் பெண்கள் கேணிக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் மெதுவாக நடவுங்கள். அது வெந்நீர் அன்று, ஆனாலும் பாரம் தாங்குவது அதே தண்ணீர்தான். படிகளில் பாசி இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சூட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

என்னுடைய வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இப்போது நான் குசினியில் இல்லை. ஒரு பழைய விடுதியின் குளிப்புப் பகுதியில் துவாய்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். விருந்தினர் எல்லோரும் வெள்ளை அங்கியும் வெள்ளைச் செருப்புமாக நடமாடுவார்கள். யார் வங்கிக்காரர், யார் ஓய்வுபெற்ற ஆசிரியை என்று சொல்ல முடியாது. ஓய்வு மண்டபத்தில் கதைக்கக் கூடாது. ஒருவர் எத்தனை துவாய் எடுத்தாலும் கணக்கில்லை. முகம் துடைக்க ஒன்று, கால் துடைக்க ஒன்று, படுக்கையில் விரிக்க இரண்டு. இங்கே ஓர் இரவு தங்கும் கட்டணம் நம் ஊர் ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். இத்தகைய பழைய விடுதிகளைக் கட்டியவர்கள் ஒரு விடயத்தில் மிகவும் கவனமாக இருந்திருக்கிறார்கள்: வேலைக்காரருக்கென்று தனிப் படிக்கட்டு, தனி நடை, தனிக் கதவு வைத்து, விருந்தினர் கண்ணில் படாமலே எல்லாம் நடக்கும்படி செய்திருக்கிறார்கள். காலையில் போனால் மாலை வரை ஒருவரோடும் கதைக்காமலே வேலையை முடித்துவிடலாம். அது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

கீழ்வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறார், அவரைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. பெருவிடுதிகளில் வாழ்நாள் முழுதும் தலைமை வாயிற்பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். காலை ஏழு மணிக்குக் கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்து மினுக்கி, யாரோ வரப்போகிறார்கள் என்ற தோரணையில் எங்கள் கட்டட வாசலில் நிற்பார். செய்தித்தாளை வாசிக்கும் முன் இஸ்திரி போடுவார்! முன்பு பெரிய இடங்களில் அப்படித்தான் வழக்கமாம். மை காய்ந்து கையில் ஒட்டாமல் இருக்குமாம். உடுப்புத் தோய்க்கும் அறையை யார் எந்த நாள் பாவிப்பது என்று இங்கே ஒவ்வொரு கட்டடத்திலும் ஓர் அட்டவணை உண்டு; எங்கள் கட்டடத்தில் அதை எழுதுவது அவர்தான், ஐந்து நிமிடம் பிந்தினால் கதவில் துண்டு எழுதி ஒட்டிவிடுவார். ஆனால் பழங்கதை சொல்லத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. சேசர் ரிட்ஸ் என்பவர்தான் அவருக்குத் தெய்வம். நீடர்வால்ட் என்ற மலைக்கிராமத்தில் 1850இல் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்து, உணவு பரிமாறும் வேலையில் தொடங்கி, 1898இல் பாரிஸில் தன் பெயரிலேயே விடுதி திறந்தவர். அந்த விடுதியில் அறையோடு சேர்த்துக் குளியலறை வைத்தது அக்காலத்தில் பெரும் புதுமை. அதற்கு முன் பெரிய விடுதியிலும் நடையின் கோடியிலிருந்த குளியலறைக்குத்தான் சீமான்கள் வரிசையில் போனார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கிழவரின் கண் கலங்கும். அவரைப் பார்க்க வருகிறவர்களை நான் கண்டதில்லை.

கொல்லங்கலட்டிச் சித்தப்பாவின் மகன் ஜேர்மனியில் இருப்பது உங்களுக்குத் தெரியுமே. இலையுதிர் காலத்தில் அவனிடம் போனபோது பாடன்-பாடன் என்ற ஊருக்குக் கூட்டிச் சென்றான். அந்த ஊற்று உண்மையிலேயே சுடும், 68 பாகை வரை போகும், உப்புக் கலந்த தண்ணீர். ரோமர் கட்டிய குளிப்பறைகளின் இடிபாடுகளை இன்றும் காட்டுகிறார்கள். 1877இல் திறந்த ஃபிரீட்ரிஷ்பாட் என்ற மாளிகையில், சூடான அறை, அதைவிடச் சூடான அறை, ஆவி, வெந்நீர், குளிர்நீர் என்று பதினேழு கட்டமாகக் குளிப்பாட்டுவார்கள். அங்கே உடுப்பு எதுவும் உடுக்கக் கூடாது என்பது விதி. இந்த இடத்தை மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நாங்கள் இருவரும் வாசலில் இருந்த விளக்கத்தைப் படித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், பக்கத்திலிருந்த, நீச்சலுடையோடு இறங்கக் கூடிய புதிய குளிப்பகத்துக்குப் போய்விட்டோம்.

பாடன்-பாடன் உட்பட ஐரோப்பாவின் பதினொரு ஊற்று நகரங்களை 2021இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தூண் வரிசை, பூங்கா, இசை மண்டபம், சூதாட்ட மாளிகை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தபோது, அக்காலத்துச் சீமான்கள் தண்ணீரைச் சாட்டாக வைத்துக்கொண்டு சூதாடவும் சம்பந்தம் பேசவும்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. நம்மவர்கள் தீர்த்தமாடப் போய்க் கலியாணம் பேசி முடித்துக்கொண்டு வருவதில்லையா? செக் நாட்டுக்காரருடைய ஊர் கார்லோவி வாரியும் அந்தப் பட்டியலில் உண்டு. அங்கே குளிப்பதை விடக் குடிப்பதுதான் முக்கியம். கைபிடியிலேயே உறிஞ்சு குழல் வைத்த பீங்கான் கோப்பையை ஏந்தி, எந்த ஊற்றில் எத்தனை கோப்பை என்று மருத்துவர் எழுதித் தந்தபடி, நடந்து நடந்து சுடுதண்ணீர் குடிப்பார்களாம். ஆச்சி உயிரோடு இருந்திருந்தால், மல்லித்தண்ணீருக்கு இவ்வளவு எடுப்பா என்று கேட்டிருப்பார்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேலை நாட்களில் விடுதியிலேயே சாப்பாடு. இந்தப் பக்கத்து மலைவாசிகளிடம் மலுன்ஸ் என்று ஓர் உணவு உண்டு. அவித்த உருளைக்கிழங்கைத் துருவி, மாவோடு பிசறி, உதிரியாகும் வரை வெண்ணெயில் வறுப்பார்கள். கண்ணுக்கு நம்முடைய புட்டுப் போலவே இருக்கும். முதல் நாள் தட்டில் கண்டபோது கை தானாகக் குழம்பைத் தேடியது, அவர்கள் பக்கத்தில் வைத்தது அப்பிள் களி. நீங்கள் வறுத்து அனுப்பிய தூள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுக்கிறேன். முருங்கைக்காய் வாங்கச் சூரிச்சுக்குத்தான் போக வேண்டும். முன்பு மாதம் ஒரு முறை அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்கும் போய், கடைக்கும் போய் வருவேன். இப்போது வேலை நேரம் ஒத்துவருவதில்லை.

கார்த்திகையில் விருந்தினர் குறைந்ததால் எங்களில் சிலருக்கு ஓய்வு கூடுதலாகக் கிடைத்தது, அந்த நேரத்தில் நன்றாக நித்திரை கொண்டேன். இம்முறை அனுப்பிய காசு சற்றுக் குறைவாக இருப்பதைப் பெரியண்ணா கவனித்திருப்பார். அது மாற்று விகிதத்தினால் வந்தது, வைகாசியில் சரிப்படுத்திவிடுவேன். தங்கச்சி மகளின் சாமத்தியச் சடங்குக்கு என் பங்காகச் சொன்னதில் மாற்றம் இல்லை, ஆனால் மண்டபத்துக்கு முற்பணம் கொடுக்கும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

ஆடி அமாவாசைக்கு வரமுடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கோடையில் விடுதி நிரம்பி வழியும், லீவு தரமாட்டார்கள். இந்த ஒரு வசனத்தை எழுதிவிட்டு மேலே எழுத முடியாமல் வெகுநேரம் இருந்தேன், அம்மா. சில இரவுகளில் எல்லோரும் போன பிறகு, குளிப்பு மண்டபத்து விளக்குகளை அணைக்கும் முன் கடைசித் துவாய்களைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். அத்தனை தண்ணீர் இருந்தும் அதில் உப்புக் காற்றின் வாடை இல்லை. அப்பா என்னைத் தோளில் வைத்துக் கேணிக்குள் இறங்கிய நாளும், மதிலுக்கு அப்பால் அலை அடித்த சத்தமும் நினைவுக்கு வரும். 1990இல் யுத்தத்தால் நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது, ஆடி அமாவாசைக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் அவர் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனை ஆடி அமாவாசைக்குத் தன் தகப்பனாருக்கு வேறெங்கோ ஒரு குளத்தங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். பாதை திறந்து அவர் கீரிமலைக்குப் போன முதல் நாள், கரையில் இருந்து அழுதாராம் என்று பெரியண்ணா சொன்னார். நான் அன்றும் அங்கு இல்லை. வரும் ஆடியில் பெரியண்ணா தர்ப்பை போடும்போது என் பெயரையும் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

காணி விடயத்தில் நான் சொல்வதைப் பெரியண்ணாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். இராணுவம் விடுவித்த வளவை அளந்து எல்லைக்கல் போட்டது நல்லது. தென்புறத்து வேலியில் அரை முழம் உள்ளே வந்திருக்கிறார்கள் என்பதற்காக வாத்தியார் வீட்டாரோடு வழக்குக்குப் போகத் தேவையில்லை. விதானையாரை வைத்துக் கதைத்துத் தீருங்கள். ஆனால் சித்தப்பா சொல்கிற கிணற்றுப் பங்கு வேறு கதை. நான்கு வளவுக்கும் பொதுவான கிணறு என்பதாலும், இனித் தோட்டம் செய்ய ஆள் இல்லை என்பதாலும், நம் பங்கை விற்றுவிடலாம் என்கிறார் அவர். அப்பாவின் காணி உறுதியில் கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. பங்கு போனால் வழியும் போகும்; பிறகு நம் வளவுக்குத் தண்ணீர் எடுக்க அடுத்தவரிடம் கேட்டு நிற்க வேண்டிவரும். எனக்குப் பணம் தேவைப்படுவதாக யாராவது சொல்லியிருந்தால் அது பொய். விற்க வேண்டாம்.

உறுதியின் பிரதி ஒன்றைத் தெளிவாகப் படமெடுத்துத் தங்கச்சியின் தொலைபேசியால் அனுப்பச் சொல்லுங்கள். எனக்காகக் கையொப்பமிடும் அதிகாரத்தைத் தரும் அற்றோர்னித் தத்துவத்தைப் பெரியண்ணாவின் பெயருக்கு எழுதித் தருகிறேன். அதற்கு நான் ஜெனீவாவிலுள்ள நம் நாட்டுத் துணைத்தூதரகத்துக்குப் போய்க் கையொப்பம் இட வேண்டும். சித்திரைப் புதுவருடத்துக்குப் பிறகு ஒரு நாள் ஓய்வு எடுத்துப் போவேன். அதற்குள் நொத்தாரிசு கேட்ட விவரங்களை, காணித்துண்டின் பெயரும் வரைபட இலக்கமும் பிழையில்லாமல், தாளில் எழுதி அனுப்பட்டும். சின்னம்மாவின் கையொப்பமும் தேவையா என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது, ஏனென்றால் அவர் கனடாவுக்குப் போய்விட்டால் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: கேணிக்குப் போகும்போது இறப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கலாம். உங்கள் காலின் அளவைத் தாளில் வரைந்து அடுத்த கடிதத்தோடு வையுங்கள், இங்கே வழுக்காத செருப்பு விற்கிறார்கள்.