அந்த வண்டியில் என்ன பிரேக் பேடு போட்டிருந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைப்பாதையில் சரக்கு வண்டி கவிழ்ந்தால் ‘பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்து’ என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் என் மனதில் ஒரு கேள்விதான் எழும். அந்த வண்டியில் என்ன பேடு போட்டிருந்தார்கள், அந்தப் பேடு கவ்விப் பிடிக்கும் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, எந்த நிலையில் இருந்தது? இதை யாரும் கேட்டு எழுதிப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கோத்தகிரியில் சொந்தமாகப் பொலேரோ பிக்கப் வைத்து ஓட்டுகிறேன். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மூட்டைகளை ராத்திரி ஏற்றி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவது தொழில். 14 வருடமாகிறது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். இடையில் இருப்பது 33 கிலோமீட்டர் சாலைதான். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். லோடோடு 3 டன் எடையுள்ள வண்டி இவ்வளவு உயரம் இறங்கும்போது அடக்க வேண்டிய சக்தி, ஒரு லிட்டர் டீசலை முழுதாக எரித்தால் வரும் வெப்பத்தைவிடக் கொஞ்சம் அதிகம். சின்ன கியரில் இறங்கினால் அதில் ஒரு நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் தலையில்தான். எங்கள் வண்டிக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெரும்பாடு படுவது முன்னால் இருக்கும் அந்த இரண்டு டிஸ்க்குகளும் நான்கு பேடுகளும்.

2022 மழைக்காலத்தில் என் வண்டியின் முன் பேடு தேய்ந்து கீச்சென்று சத்தம் போட ஆரம்பித்தது. சரி, மாற்றிவிடலாம் என்று ஒரு ஸ்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். இரண்டாவது 800 ரூபாய் குறைவு. “ரெண்டும் ஒண்ணுதாண்ணா, டப்பாவுக்குத்தான் காசு” என்றார். நம்பினேன், பில்லும் கேட்கவில்லை. பேடு மாட்டும்போது, டிஸ்க் விளிம்பில் மேடு தட்டியிருப்பதை மெக்கானிக் விரலால் தடவிக் காட்டினார். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டுமே என் தவறு.

பதினோராவது நாள், அதிகாலை மூன்று மணி இருக்கும். குஞ்சப்பனையைத் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் அது கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலையை ஒட்டிய வடிகாலில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்த முடிந்தது. உடன் வந்த என் மைத்துனருக்கு நெற்றியில் காயம். எதிரே பேருந்து ஏதும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைக்கவே முடியவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு பேடில் உராயும் பகுதி, அது ஒட்டியிருந்த இரும்புத் தகட்டை விட்டே பெயர்ந்து போயிருந்தது.

அதற்கு அப்புறம்தான் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பல பேடுகளின் தகட்டிலோ ஓரத்திலோ நீளமான குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எஃப்எஃப், எஃப்இ, ஜிஜி என்பது போல. முதல் எழுத்து சாதாரண சூட்டில் பேடு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. இ என்றால் உராய்வு எண் 0.25-இலிருந்து 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. சமவெளியில் ஓட்டுகிறவர் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மலை இறங்குகிறவருக்கு இரண்டாவது எழுத்துதான் உயிர். பேடு எத்தனை நாள் உழைக்கும், தகட்டில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்பதை இந்த எழுத்து சொல்லாது என்பது உண்மை. ஆனாலும் எந்த எழுத்தும் எண்ணும் இல்லாத பேடை நான் இனி கையால் தொடமாட்டேன். எனக்கு விற்றது அப்படிப்பட்டதுதான்.

கார் வைத்திருப்பவர்கள் செராமிக் பேடு சத்தம் போடாது, தூசி குறைவு என்பார்கள். உண்மைதான். லோடு வண்டிக்கு நான் பார்ப்பது சூடு தாங்குவதை மட்டும். வண்டிக் கம்பெனி எதைப் போட்டதோ அதே தரம், இல்லையென்றால் உலோகத் தூள் கலந்த நல்ல செமி மெட்டாலிக் பேடு. நாடு முழுவதும் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக்கும் லைனிங்கும் செய்யும் ஆலைகள் சென்னை பாடியிலும் அம்பத்தூரிலும் இருக்கும்போது, நம் மாநிலத்தில் நல்ல பொருளுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

டிஸ்க்கும் அப்படித்தான். எவ்வளவு கனம் வரை தேயலாம் என்ற எண் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வெர்னியர் வைத்து அளந்தால் ஒரு நிமிட வேலை. லேத்தில் கடைந்து மறுபடி போடுவதில் குற்றமில்லை, கடைந்த பிறகும் அந்தக் கனம் மிஞ்ச வேண்டும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். அழகுக்கு ஓட்டை போட்ட டிஸ்க் லோடு வண்டிக்கு வேண்டாம், சூட்டில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். கேரட் கழுவும் இடத்துச் சேற்றுத் தண்ணீரில் தினமும் நிற்கும் எங்கள் வண்டிகளில், பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் துருவேறி இறுகிவிடுகின்றன. வெளிப்பேடு புதிதாகத் தெரியும், உள்பேடு தகடு வரை தேய்ந்திருக்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்து ‘இன்னும் இருக்கு’ என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். பிரேக் ஆயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கும்.

புது பேடு மாட்டிய அன்றே லோடோடு மலை இறங்கக் கூடாது. நான் இப்போது மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டு, காரமடை சாலையில் காலி வண்டியாக 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மெதுவாகப் பிடித்து விட்டு, இருபது முறையாவது பழக்கிய பிறகுதான் மேலே ஏறுகிறேன்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு கோரிக்கை. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிகள் வருடா வருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ்ச் சோதனைக்குப் போகின்றன. நான் போன ஒரு தடவையும் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததில்லை. காலி வண்டியைச் சமதரையில் ஓட்டி நிறுத்திக் காட்டினால் போதும் என்கிறார்கள். மலை மாவட்ட வண்டிகளுக்காவது ஒரு முன் சக்கரத்தைக் கழற்றி, பேடின் கனத்தையும் டிஸ்க்கின் கனத்தையும் அளந்து சான்றிதழில் எழுத வேண்டும்.

உங்கள் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘பிரேக் பிடிக்காததால்’ என்று எழுதுவதற்கு முன், பேடு எப்போது மாற்றியது, எந்தப் பேடு, பில் இருக்கிறதா என்று ஓட்டுநரிடமோ உரிமையாளரிடமோ கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் வண்டி உரிமையாளர்,
கோத்தகிரி.