டெல்டா பக்கத்து மெடிக்கல் கடை அண்ணன்மாருக்கு ஒரு மடல்

வணக்கம் அண்ணே.

மன்னார்குடியிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் ஒரு மெடிக்கல் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து நின்றால் ஷட்டரைப் பாதி தூக்கி மாத்திரை கொடுக்கிறவர்கள் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இதைப் புகாராக எழுதி மேலே அனுப்பியிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். குறுவை நடவில் அம்மாவுக்குச் சேற்றுப்புண். வருஷா வருஷம் வருவதுதான், மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் போட்டால் ஆறிவிடும். இந்தத் தடவை கால் வீங்கிக் காய்ச்சலும் வந்ததால் ஒரு மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கினோம் (எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம்). பழுப்புக் காகித உறை, அதன் மேல் பேனாவால் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. உள்ளே அட்டையிலிருந்து கத்தரித்த நாலு செஃபிக்ஸிம், அது ஒரு ஆன்டிபயாடிக். அந்தத் துண்டில் மருந்தின் பேர் பாதிதான் இருந்தது, காலாவதித் தேதி இல்லவே இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்று சொல்கிற சிவப்புக் கோடு மட்டும் முழுசாக இருந்தது! இரண்டு நாளில் கேட்கவில்லை என்று போனால், "கொஞ்சம் பவரா தர்றேன்" என்று கிளிண்டாமைசின் என்கிற இன்னொரு ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் ஆறு. கால் வற்றிவிட்டது, பொய் சொல்லக் கூடாது.

பத்து நாள் கழித்து வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது, அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் சித்தி. மாதுளைத் தோல், மோர் எதற்கும் அடங்கவில்லை. மறுபடியும் அதே கடை, இந்தத் தடவை பேதியை நிறுத்துகிற லோபரமைடு. நின்றது. ஆனால் வயிறு பானை மாதிரி உப்பி, காய்ச்சல் ஏறி, பேச்சும் குழற ஆரம்பித்ததும் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே மலத்தைச் சோதித்தார்கள். கிருமி இருக்கிறதா என்று மட்டுமில்லை, அது விடுகிற நஞ்சு இருக்கிறதா என்றும். இருந்தது. கிருமியின் பேர் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்.

உங்களில் பி.ஃபார்ம் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பயிர் நெருக்கமாக நிற்கிற வயலில் கோரை தலையெடுக்காது. பயிரை அழித்துப் பாருங்கள், மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்தது ஒரே வாரத்தில் வயலைப் பிடித்துக்கொள்ளும். இதுவும் அந்த ஜாதிதான். நம் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை ஆன்டிபயாடிக் அழித்துவிடுகிறது, இது மட்டும் வித்தாக உறைந்து தப்பிக்கிறது, எதிராளி இல்லை என்று தெரிந்ததும் முளைத்துக் கிளம்புகிறது. 1935-ல் இதை முதலில் கண்டுபிடித்ததே நன்றாக இருந்த பச்சைக் குழந்தைகளின் மலத்தில்தான். ஆன்டிபயாடிக்குக்குப் பின்னால் வருகிற கடுமையான குடல் அழற்சிக்கு இதன் நஞ்சுதான் காரணம் என்று பிடிபட 1978 ஆனது. கிளிண்டாமைசினாலேயே வருகிற வியாதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

கிருமி குடலைத் தாண்டிப் போவது அபூர்வம், வேலையெல்லாம் நஞ்சுதான் செய்கிறது. காலராவும் அப்படித்தான், 1959-ல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்கிற விஞ்ஞானி முயலின் குடலில் அதைக் காட்டினார். டிஃபிசிலுக்கு ஏ, பி என்று இரண்டு நஞ்சு. குடல் சுவரில் இருக்கிற செல்லுக்குள் புகுந்து, செல்லை நிமிர்த்திப் பிடித்திருக்கிற சட்டத்தைக் குலைத்துவிடும். செல்கள் சுருண்டு ஒன்றைவிட்டு ஒன்று விலக, இடுக்கு வழியாகத் தண்ணீர் கசியும், சுவர் புண்ணாகும். அந்த நஞ்சு வடிகிற நேரத்தில் மதகை அடைத்தால் என்ன ஆகும், சொல்லுங்கள். நாங்கள் அடைத்தோம். மாத்திரை கொடுத்தது கடை, விழுங்க வைத்தது நான்.

இந்தக் கிருமியைக் கொல்கிற வான்கோமைசின் ஊசி மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து வாய்வழியாகவே ஒரு நாளைக்கு நாலு வேளை, பத்து நாள் கொடுத்தார்கள். நான் பெருமையாக சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு நிற்க, நர்ஸ் அக்கா திட்டினார்: இந்தக் கிருமியின் வித்துகளை சானிடைசர் சாகடிக்காதாம், சோப்புப் போட்டுக் கழுவித்தான் போக்க வேண்டுமாம். அம்மா தேறி வந்தாயிற்று. ஐந்தில் ஒருவருக்குத் திரும்பவும் வரும் என்றார்கள், அதனால் இன்னமும் பேதி என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்? டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலில் செஃபிக்ஸிம் இருப்பதும், விற்றால் டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதும் 2014-லிருந்து இருக்கிற சட்டம், அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட வேண்டும், பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும், அதனால்தான் ஜனங்கள் உங்களிடம் வருகிறார்கள், நீங்கள் தராவிட்டால் எதிர்க்கடைக்குப் போவார்கள். தெரியும். தேவையே இல்லாமல் எழுதித் தள்ளுகிற டாக்டர்களும் யோக்கியமில்லை, அதுவும் தெரியும்.

அதனால் இப்போதைக்கு இரண்டே இரண்டு. பேதி என்று யாராவது வந்தால், அதுவும் அறுபத்தைந்து தாண்டியவர்களாக இருந்தால், நிறுத்துகிற மாத்திரையை எடுப்பதற்கு முன்னால், "இந்த இரண்டு மாசத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ஓஆர்எஸ் பாக்கெட்டை மட்டும் கையில் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம், அட்டையைக் கத்தரிக்கிறபோது பேர் இருக்கிற பக்கத்தை வாங்குகிறவரிடம் கொடுங்கள். தஞ்சாவூரில் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். பாதிப் பேரை வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு அதே கடைக்குத்தான் வருவேன். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து வருகிறேன் அண்ணே, பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்