அரிசி டப்பாவிலிருந்து அந்த போனை எடுத்துவிடு

குடியாத்தம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வீட்டுக்குள் முழங்காலளவு நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது என்றும், உன் போனை அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருக்கிறாய் என்றும், மற்ற சாமான்களை இரண்டு நாள் காயவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் போகிறாய் என்றும் நேற்று மாப்பிள்ளையின் போனில் சொன்னாய். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. முப்பது வருடம் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தவனின் மகள் "போட்டுப் பார்க்கிறேன்" என்று சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நாளைக் காலை காட்பாடியில் ரயில் ஏறும் உன் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கழுவிக் காயவைத்துச் சோதிக்கும்வரை நனைந்த எதற்கும் கரண்ட் கொடுக்காதே.

தண்ணீர் பட்ட மாத்திரத்தில் ஒரு போர்டு, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை, செத்துப்போவது குறைவு. ஈரமும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் நேரம்தான் அதைக் கொல்கிறது. தெருவிலிருந்து வந்த தண்ணீரில் உப்பும் சாக்கடையும் கலந்திருக்கும்; அது இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே நின்றால் அதன் வழியே கரண்ட் கசிந்து, ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து, பாசி படர்ந்ததுபோலப் பச்சையாகப் பூத்துவிடும். போனை நீ அணைத்து வைத்திருந்தாலும், பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டில் சில இடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டுதான் இருக்கும். அரிசி இதில் எதையும் தடுக்காது. உள்ளே இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சி எடுப்பதில்லை, உப்பை எடுக்கப் போவதேயில்லை, போதாக்குறைக்கு அதன் மாவுத்தூள் சார்ஜ் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் வைக்க வேண்டாம் என்று சொல்கிறது. எடுத்துவிட்டு அந்த அரிசியைக் கழுவிச் சோறாக்கு என்று அம்மா சொல்கிறாள். வெள்ளத் தண்ணீர் பட்ட அரிசி, கொட்டிவிடு என்று நான் சொல்கிறேன்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த வாரம் கடைக்கு வந்தவற்றில் இரண்டை மறக்க முடியாது. ஒன்று, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத எல்.இ.டி. டிவி. வெளியே நன்றாகத் துடைத்து, மூன்று நாள் காயவைத்து, சுவிட்சைப் போட்டதும் "டப்" என்று அணைந்ததாம். கழற்றிப் பார்த்தால் ஒரு ஐ.சி. சிப்பின் அடியில் அப்போதும் ஈரம் மினுமினுத்தது. பக்கத்தில் போர்டு கருகி ஓட்டையாகியிருந்தது. இன்னொன்று, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய பெட்டி டிவி. ஒரு பாட்டி அதைச் சேறோடு சேறாக உரச் சாக்கில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "எனக்கு பயம் சாமி, பிளக்கைப் பிடுங்கினதோட சரி" என்றார். போர்டை வெளியே எடுத்து பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட பழைய டூத் பிரஷால் ஒவ்வொரு காலின் இடுக்கிலும் தேய்த்து, இரண்டு நாள் ஃபேன் காற்றில் வைத்தேன். ஓடியது. நனைந்ததை மறுபடி நனைக்கிறானே என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அழுக்கைக் கழுவாமல் காயவைத்தால், காய்ந்த உப்பு அடுத்த மழைக்காலத்து ஈரக்காற்றிலேயே மறுபடி வேலையைக் காட்டும்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். முதலில் இன்வெர்ட்டர். ஈ.பி. லைன் இல்லை என்ற தைரியத்தில் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் வீட்டு வயரிங்கில் அதுவே 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். தரை ஈரமாக இருக்கையில் நீங்கள் இருவரும் அதன் பக்கம் போகவே வேண்டாம், எலக்ட்ரீஷியன் வந்து பிரிக்கட்டும். தண்ணீருக்குள் இருந்த பிளக் பாயிண்ட்டுகளையும், லோடு கூடினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்சுகளையும் துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுகிறேன் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே, புதிதாகவே போடச் சொல். அப்படியே, கரண்ட் கசிந்தால் தானே லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளை வீடியோ பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மைக்ரோவேவ் ஓவன் முன் உட்காரக் கூடியவர். பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஓவனில் அது 2,000 வோல்ட்டைத் தாண்டலாம்.

லேப்டாப்பை விரித்துக் கவிழ்த்து, கூடாரம்போல நிறுத்தி வை. அடிப்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதை அழுத்தாமல், குத்தாமல் வீட்டுக்கு வெளியே வைத்துவிடு. குழந்தையின் படங்கள் அதில்தான் இருக்கின்றன என்று அழுதாயாம். போர்டு போனாலும், படங்கள் பதிந்திருக்கும் எஸ்.எஸ்.டி. தனியாகக் கழன்று வரும் மாடல் அது. படங்கள் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் மூடி சீல் வைத்தது, அதற்குள் தண்ணீர் போயிருக்காது. ரிலே, வயரிங், போர்டு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். மிக்ஸி, கிரைண்டர் மோட்டார்களைக் கழுவிக் காயவைத்து, கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வைண்டிங்குக்கு, அதாவது உள்ளே சுற்றிய செம்புக் கம்பிக்கு, மறுபடி வார்னிஷ் ஏற்ற வேண்டும். எங்கள் வேலூர் வெயிலாக இருந்தால் இரண்டு பகலில் காய்ந்துவிடும். உங்கள் ஊர் மழைக்காலத்தில் ஒரு வாரம் பொறு.

எதையும் துடைப்பதற்கு முன், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள். வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் அவர்கள் முதலில் கேட்பது அதுதான். வாரண்டியை நம்பாதே; போனுக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் ஈரம் பட்டுச் சிவந்திருக்கும், அதைக் காட்டியே அனுப்பிவிடுவார்கள்.

தம்பியின் பையில் என் மெகரும், ஐ.பி.ஏ. ஒரு லிட்டரும், நான்கு பிரஷ்களும் இருக்கின்றன. ஐ.பி.ஏ. பெட்ரோலைப்போல் பற்றிக்கொள்ளும், அடுப்பங்கரையில் வைக்காதே. மெகரைக் குழந்தை கையில் கொடுக்காமல் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
அப்பா